அத்தை வீட்டுக் கணினிக்குள் நுழைவது எப்படி

1

இந்தக் கதை ஒரு கையேட்டின் மூன்றாம் பக்கத்தில் பிறந்தது. பிறந்த வாரமே வெளியேற்றப்பட்டது.

அலுவலகத்தில் புதிதாகச் சேருபவர்களுக்கு ஒரு கையேடு எழுதித் தரச் சொன்னார்கள். இங்கே ஒரு கணினியின் முன் உட்கார்ந்துகொண்டு, தொலைவில் இருக்கும் இன்னொரு கணினிக்குள் பாஸ்வேர்டு இல்லாமல், சாவியை வைத்து நுழைவது எப்படி. பத்துப் பக்கம், படங்களுடன். உதாரணத்துக்கு ஒரு வீட்டுக் கணினியை எடுத்துக்கொண்டேன். மூன்றாம் பக்கத்தில் அத்தை வந்துவிட்டார்.

மேலாளர் படித்துவிட்டுக் கூப்பிட்டார்.

“யாருப்பா இந்த அத்தை?”

“மாமியார் சார்.”

“அவங்க எதுக்கு இதுல?”

“அந்தக் கம்ப்யூட்டர் அவங்களோடது.”

“ஆடிட்ல கேள்வி வரும். மாமியார எடுத்துட்டு ‘யூசர்’னு போடு.”

போட்டேன். கையேடு ஒன்பதரைப் பக்கமாக இளைத்தது. எடுத்த அரைப் பக்கத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. இங்கே வைக்கிறேன்.

(மேலாளர் கெட்டவர் இல்லை. என் மனைவி இறந்தபோது பதினைந்து நாள் விடுப்பு கொடுத்தார். பதினாறாம் நாள் “சாப்பிட்டியா” என்று கேட்டார். பதினேழாம் நாளிலிருந்து கேட்கவில்லை. அதற்காகவும் அவரை எனக்குப் பிடிக்கும்.)

2

முதல் வரி மூன்று எழுதிப் பார்த்தேன்.

“மழை பெய்துகொண்டிருந்த ஒரு மாலையில் அத்தையிடமிருந்து போன்—”

மழை பெய்யவில்லை. கதைக்காக ஊரை நனைக்க வேண்டாம்.

“சாவி என்பது வெறும் சாவி அல்ல, அது—”

வெறும் சாவிதான்.

“அத்தை வீட்டுக்குப் போகாமலிருக்க நான் ஒரு சாவி செய்தேன்.”

இது நடந்தது. இதிலிருந்து தொடங்கலாம்.

என் மனைவி பதினான்கு மாதங்களுக்கு முன் இறந்தாள். காய்ச்சல். ஒன்பது நாள். அவளைப் பற்றி இவ்வளவுதான் எழுதப்போகிறேன் என்று முதல் வரைவில் ஒரு வாக்குறுதி கொடுத்திருந்தேன். அதை நம்ப வேண்டாம்.

அத்தை வீடு இங்கிருந்து ஒரே பேருந்தில் நாற்பது நிமிடம். பதினான்கு மாதமாகப் போகவில்லை. காரணம், மூக்கு. அவளுடைய மூக்கு அத்தையின் மூக்கு. அதே வளைவு, அதே இடத்தில் கண்ணாடி அழுத்திய தடம். அத்தை சோறு போட்டுவிட்டு எதிரில் உட்கார்ந்தால் அந்த மூக்கும் சேர்ந்து எதிரில் உட்காரும். எனக்குச் சாப்பாடு இறங்காது. இதைவிடக் கௌரவமான காரணம் கிடைத்தால் அடுத்த வரைவில் மாற்றிக்கொள்கிறேன்.

3

அத்தை ஒரு டைப்பிஸ்ட். பதிவு அலுவலகத்தில் முப்பத்தொரு வருடம் பத்திரங்கள் அடித்தவர். ஓய்வு பெற்ற பிறகு வீட்டு முன்னறையில் ஒரு கணினியும் ஒரு பிரிண்டரும் வைத்துக்கொண்டு வக்கீல்களுக்கு அடித்துக் கொடுக்கிறார். திரையைப் பார்க்க மாட்டார், கீபோர்டைப் பார்க்க மாட்டார், ஆனால் தப்பைப் பார்த்துவிடுவார். ஒருமுறை ஒரு ஜூனியர் வக்கீல் கையால் எழுதிக் கொண்டுவந்த தாளில் ஒரு பத்திர எண் பாதி ஒரு வரியிலும் மீதி அடுத்த வரியிலும் இருந்தது. “பேரையும் நம்பரையும் நடுவுல ஒடைக்கக் கூடாதுன்னு உனக்கு யாரும் சொல்லித் தரலயா? டைப்பிங்ல மொதல் வாரத்துப் பாடம்பா அது” என்று, அந்த வக்கீல் வாங்கிய சட்டப் பட்டத்தையே திருப்பிக் கொடுக்கச் சொல்லும் தோரணையில் கேட்டார். நான் அப்போது அங்கே இருந்தேன். அவளும் இருந்தாள். சிரிப்பை அடக்கத் தண்ணீர் குடிக்கப் போனாள்.*

* வாக்குறுதி முதல் முறை மீறப்பட்டது.

அந்தக் கணினியை அமைத்துக் கொடுத்தது அவள்தான். ஏதாவது பழுது என்றால் எங்கள் வீட்டிலிருந்தே தன் மடிக்கணினி வழியாக உள்ளே போய்ச் சரிசெய்வாள். வெளியிலிருந்து யாரும் பாஸ்வேர்டு போட்டு நுழைய முடியாதபடி செய்திருந்தாள். சாவி வேண்டும்.

சாவி எப்படி வேலை செய்கிறது என்பது கையேட்டின் இரண்டாம் பக்கம். சுருக்கமாக: கணினி உங்களுக்கு இரண்டு சாவி செய்து கொடுக்கும். ஒன்று ரகசியம், உங்களை விட்டு எங்கும் போகாது. இன்னொன்று பொதுச் சாவி. பெயர்தான் சாவி, வேலை பூட்டு வேலை. அதை எந்தக் கணினிக்குள் நுழைய வேண்டுமோ அங்கே ஒரு கோப்பில் ஒரு வரியாக எழுதி வைக்க வேண்டும். நீங்கள் வந்து தட்டும்போது இரண்டும் பொருந்தினால் கதவு திறக்கும். பொருந்தாவிட்டால் “அனுமதி மறுக்கப்பட்டது” என்று வரும். காரணம் சொல்லாது. அரசு அலுவலகத்தில் பழகியவர்களுக்கு இது புதிதாக இருக்காது.

“அவங்க லேப்டாப்புலயே சாவி இருக்கே. அத வெச்சுப் போக வேண்டியதுதானே?” என்று இந்த இடத்தில் ஒரு கேள்வி வந்தது. கேட்டவன் என் பக்கத்து இருக்கைக்காரன். பட்டப்பெயர் அரைத்தூக்கம். கதையை முதலில் படித்தவன், பாதி விழிப்பில்.

முதல் வரைவில், பேட்டரி செத்துவிட்டது என்று எழுதியிருந்தேன். அது பொய். மடிக்கணினி என் அலமாரியில் இருக்கிறது, நன்றாக வேலை செய்கிறது. அதன் வழியே நான் போனால் அத்தை வீட்டுக் கணினி, அவள் வந்தாள் என்று பதிவு செய்யும். அவள் பெயர், தேதி, நேரம் எல்லாம் போட்டு. இயந்திரத்திடம் அப்படியொரு பொய்யைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மனிதர்களிடம் நிறைய சொல்லியிருக்கிறேன்.

உதாரணமாக, அத்தையிடம். கடந்த பதினான்கு மாதத்தில் நான்கு முறை போன் செய்தார். நான்கு முறையும் ஒரே புகார்.

“தம்பி, பிரிண்டர் வேல செய்யல.”

“ஞாயித்துக்கிழம வரேன் அத்தை.”

நான் போக மாட்டேன். திங்கட்கிழமை அவரே கூப்பிடுவார். “தானா சரியாயிடுச்சு. நீங்க அலைய வேண்டாம்.”

(அவள் இருந்தவரை ‘மாப்ள.’ பிறகு ‘தம்பி.’ பதவி உயர்வா, இறக்கமா என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை.)

நான்காவது முறைக்குப் பிறகுதான் சாவி செய்வது என்று முடிவெடுத்தேன். என் சாவி, என் பெயர். ஆனால் அதை அந்தக் கோப்பில் எழுத யாராவது அந்தக் கீபோர்டின் முன் உட்கார வேண்டும். ஒன்று நான், அல்லது அத்தை.

4

அரைத்தூக்கம் இங்கே மறுபடி விழித்தான். “மெயில் அனுப்பி ஒட்டச் சொல்லிட்டா முடிஞ்சுது. இதுக்கு ஒரு கதையா?”

நானும் அத்தையிடம் அதைத்தான் சொன்னேன்.

“ஒட்டுறது போஸ்டர்காரன் வேல. நான் டைப்பிஸ்ட். வாசிங்க, அடிக்கிறேன்.”

ஒரு சனிக்கிழமை காலை. போனை ஸ்பீக்கரில் போட்டார். கோப்பைத் திறக்கும் வழியைச் சொன்னேன். திறந்தார்.

“மேல ஏற்கெனவே ஒரு வரி இருக்கு. கடைசில அவ பேரு.”

“அதத் தொடாதீங்க அத்தை.”

“நான் எதுக்குத் தொடுறேன்.” நாற்காலியை இழுத்துப் போடும் சத்தம். “இத அடிச்சு முடிச்சா நீங்க இங்க வரவே வேண்டியதில்ல. அப்படித்தானே?”

“ஆமா. உங்களுக்கும் சௌகரியம்.”

“சௌகரியம்தான். சொல்லுங்க.”

“பெரிய ஏ.”

“ம்.”

“பெரிய ஏ. பெரிய ஏ. இன்னொரு பெரிய ஏ.”

“ஏன், தொண்ட சரியில்லயா?”

“இல்ல அத்தை, நாலு ஏ. எல்லாரோட சாவியும் இப்படித்தான் ஆரம்பிக்கும்.”

“எல்லாருக்கும் ஒண்ணுதான்னா அத எதுக்கு ஒவ்வொருத்தரா அடிக்கணும்? மேல அச்சடிச்சே குடுத்திருக்கலாமே, பத்திரத் தாள் மாதிரி.”

நான் அடுத்த எழுத்துக்குப் போனேன். “பெரிய சி. மூணு. பெரிய என். சின்ன இஸட். சின்ன ஏ. பெரிய சி. ஒண்ணு. சின்ன எல்...”

அறுபத்தெட்டு எழுத்துகள். ஏழு நிமிடம். நான் தட்டிப் பார்த்தேன். அனுமதி மறுக்கப்பட்டது.

திருப்பி வாசிக்கச் சொன்னேன். வாசித்தார். எழுத்துக்கு எழுத்து சரி. மறுபடி தட்டினேன். மறுக்கப்பட்டது. இரண்டு நாள் யோசித்தேன். மூன்றாம் நாள் காலை பல் தேய்க்கும்போது பிடிபட்டது.

“அத்தை, நீங்க ஒண்ணு எப்படி அடிப்பீங்க?”

“சின்ன எல்தான். வேற எப்படி?”

“மேல் வரிசையில ஒண்ணு இருக்கே.”

“அது இந்த மெஷின்ல. நான் கத்துக்கிட்ட டைப்ரைட்டர் மெஷின்ல ரெண்டுலேருந்துதான் ஆரம்பம். ஒண்ணுக்கு எல்தான் அடிப்போம். வெரல் அங்கதான் போகும்.”

“அப்ப இத்தன வருஷமா வக்கீல் பேப்பர்ல எல்லாம்?”

“ஒரு ஜட்ஜும் கேக்கல.”

அந்த ஒன்றுகளை மட்டும் மாற்றச் சொன்னேன். அத்தை சம்மதிக்கவில்லை. “அடிச்சுத் திருத்துன பேப்பர் எங்க ஆபீஸ்ல செல்லாது. மொத்தமா திரும்பச் சொல்லுங்க.”

இரண்டாம் முறை. பெரிய ஏ, பெரிய ஏ, பெரிய ஏ, பெரிய ஏ. ஏழு நிமிடம். மறுக்கப்பட்டது.

“வரி எப்படி இருக்கு அத்தை?”

“அழகா இருக்கு. ஓரம் வந்ததும் ஒடச்சு, சின்னதா ஒரு கோடு போட்டு, மிச்சத்த கீழ் வரியில அடிச்சிருக்கேன்.”

“ஒரே வரியா இருக்கணும்.”

“ஓரத்துல இடிக்காதா?”

“இடிச்சா பரவால்ல.”

“மேல அவ வரி அப்படித்தான் இடிச்சுக்கிட்டு ஓடுது. அவ என்னிக்கு ஓரத்த மதிச்சா.”

போனில் ஒரு சத்தம் வந்தது. சிரிப்பா, வேறு எதுவுமா தெரியவில்லை. மூக்கு வழியாக வந்தது என்பது மட்டும் நிச்சயம். நான் ஏதோ சொல்லத் தொடங்கி

(இந்த வாக்கியம் இவ்வளவுதான். அன்றும் இவ்வளவுதான்.)

மூன்றாம் முறை எழுத்து சொல்லும்போது அத்தை குறுக்கே எதுவும் பேசவில்லை. தொண்டை பற்றியும் கேட்கவில்லை. முடித்ததும், “இப்பப் பாருங்க” என்றார். பார்க்காமலே தெரிந்தவர் மாதிரி.

கதவு திறந்தது.

5

இந்தப் பகுதியை விட்டுவிட்டேன். இதில் நான் ஜன்னல் வழியே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அரைத்தூக்கம்தான், மனைவியை இழந்தவன் ஒரு இடத்திலாவது ஜன்னல் வழியே பார்க்க வேண்டும் என்றான். என் ஜன்னலுக்கு வெளியே பக்கத்துக் கட்டிடத்தின் ஏசி வெளிப்பெட்டி. அதையும் இரண்டு பத்தி வர்ணித்திருந்தேன். நல்ல பெட்டி.

6

சாவி பொருந்திய பதினோராம் நாள், வெள்ளிக்கிழமை. மதியம் மூன்று பன்னிரண்டுக்கு போன். நான் அலுவலகத்தில் இருந்தேன்.

“மாப்ள, பிரிண்டர் வேல செய்யல.”

மாப்ள. நான் அதைக் கவனிக்காதது மாதிரி இருந்தேன். இருக்கத் தெரியும்.

“லைன்லயே இருங்க அத்தை. இங்கேருந்தே பாத்துச் சொல்றேன்.”

“பாருங்க. எனக்கென்ன அவசரம்.”

உள்ளே போனேன். கணினியில் என்ன நடந்தாலும் நேரத்தோடு ஒரு பதிவேட்டில் ஏறும். பழைய பதிவுகள் பொதுவாகத் தானாக அழிந்துவிடும். அவள் எதையும் அழிக்காதபடி அமைத்திருந்தாள். (வாக்குறுதி எத்தனையாவது முறை மீறப்படுகிறது என்று எண்ணுவதை நிறுத்திவிட்டேன்.) கடைசி வரிகளைப் பார்த்தேன்.

மூன்று மணி ஒரு நிமிடத்துக்குப் பிரிண்டர் பதினோரு பக்கம் அச்சடித்திருக்கிறது. பழுது இல்லை. மூன்று எட்டுக்கு அதைக் கணினியோடு இணைக்கும் ஒயர் பிடுங்கப்பட்டிருக்கிறது. மூன்று பன்னிரண்டுக்கு எனக்கு போன்.

துடைக்கும்போது ஒயர் தவறி வந்திருக்கலாம். அப்படித்தான் நினைத்தேன். பதிவேட்டில் இன்னும் மேலே போனேன்.

முன்பு போன் செய்த நான்கு நாட்களும் அதில் இருந்தன. நான்கிலும் பிரிண்டர் ஒழுங்காக அச்சடித்துக்கொண்டிருந்தது. நான்கிலும் போனுக்குச் சில நிமிடங்களுக்கு முன் ஒயர் பிடுங்கப்பட்டது. நான்கிலும் அடுத்து வந்த ஞாயிறு மாலை ஆறு மணிக்கு மேல்தான் திரும்பச் சொருகப்பட்டது.

நான் வருவதாகச் சொன்ன ஞாயிறுகள். ஆறு மணி வரை அத்தை காத்திருந்திருக்கிறார். ஆறுக்கு மேல் மருமகன் வர மாட்டான் என்று ஒயரைச் சொருகியிருக்கிறார்.

பிறகு எனக்கு அந்த ஜூனியர் வக்கீல் ஞாபகத்துக்கு வந்தார். பெயரையும் நம்பரையும் நடுவில் உடைக்கக் கூடாது. எல் அடித்தது விரல் பழக்கம், அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் முப்பத்தொரு வருடத்தில் ஒரு பத்திர எண்ணைக்கூட உடைக்காதவர் என் சாவியை மட்டும் உடைத்து, கோடும் போட்டு, அழகாக இருக்கிறது என்று சொன்னார்.

அப்படியென்றால் மூன்றாம் முறை ஏன் சரியாக அடித்தார்? கதாசிரியனாக இதற்கு என்னிடம் இரண்டு பதில் உண்டு. அரைகுறை வேலையை வெளியே அனுப்பி அவருக்குப் பழக்கமில்லை. அல்லது, நான் உள்ளே வந்து இதையெல்லாம் பார்க்கட்டும் என்று. கணினியில் பதிவேடு இருப்பது அத்தைக்குத் தெரியாது என்று முதலில் எழுதியிருந்தேன். வாழ்நாள் முழுக்கப் பதிவு அலுவலகத்தில் இருந்தவருக்கு, எல்லாமே எங்கோ நேரத்தோடு எழுதப்படும் என்று தெரியாதா? அந்த வரியை அடித்துவிட்டேன்.

7

முடிவுகள்.

மேலாளர் தந்தது: “யூசர் ஒயரைச் சரியாகப் பொருத்தினார். பழுது நீங்கியது.” ஆடிட்டில் இது நிற்கும்.

அரைத்தூக்கம் தந்தது: நான் போகிறேன், அத்தை கதவைத் திறக்கிறார், இரண்டு பேரும் அழுகிறோம். சொல்லும்போது அவனுக்கே கண் கலங்கியிருந்தது. தூக்கமாகவும் இருக்கலாம். இந்த முடிவில் எனக்கு ஒரு சிக்கல். எனக்கு அழுகை வருவதில்லை. பதினான்கு மாதமாக முயன்று பார்த்தாயிற்று. அத்தையின் முன்னால் உட்கார்ந்து சோறு சாப்பிடுவது மட்டும்தான் நடக்கும். அதை முடிவு என்று யாரும் ஏற்க மாட்டார்கள்.

நான் எழுதிப் பார்த்தது: அந்தக் கோப்பைத் திறந்து என் வரியை நானே உடைத்து, நடுவில் ஒரு சின்னக் கோடு போட்டு, சேமித்துவிட்டு வெளியே வருகிறேன். பிறகு உள்ளே போக எனக்கு வேறு வழி கிடையாது, பேருந்தைத் தவிர. இது எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் கொஞ்சம் நடிப்பு இருக்கிறது. சாவியை உடைத்துவிட்டும் நான் போகாமல் இருக்கக் கூடியவன்.

கையேட்டின் கடைசிப் பக்கத்தில் தடித்த எழுத்தில் ஒரு விதி உண்டு: புது வழி திறக்கிறது என்று உறுதியாகும் வரை, கையிலிருக்கும் இணைப்பைத் துண்டிக்காதீர்கள். துண்டித்துவிட்டு வெளியே நின்று தவித்தவர்கள் எழுதிய விதி. நானே இரண்டு முறை தவித்திருக்கிறேன். அதனால் இந்தக் கதையின் இந்த இடத்தில் போன் இன்னும் துண்டிக்கப்படவில்லை.

தொலைவிலிருந்து எதையும் செய்யலாம் என்று கையேட்டின் முதல் பக்கத்தில் பெருமையடித்திருந்தேன். அது பொய் என்று அந்த ஒயர் காட்டிவிட்டது. சாவியை வைத்துக்கொண்டு அந்தக் கணினியில் எதையும் அழிக்கலாம், மாற்றலாம், நிறுத்தலாம். பிடுங்கிக் கிடக்கும் ஒயரைச் சொருக முடியாது. அதற்கு முன்னறையில் ஒரு கை வேண்டும். அங்கே ஏற்கெனவே ஒரு கை இருக்கிறது. நிமிடத்துக்கு அறுபது வார்த்தை அடிக்கும் கை.

“என்ன மாப்ள, தெரியுதா?”

“பாத்துட்டு இருக்கேன் அத்தை.”

“உள்ள வந்துட்டீங்கதானே?”

“வந்துட்டேன்.”

“அப்பச் சொல்லுங்க, என்ன பழுதுன்னு.”

இதற்கு நான் சொல்லக்கூடிய பதில்கள் இரண்டுதான். இரண்டையும் கீழே எழுதியிருக்கிறேன். ஒன்றைச் சொன்னால் இன்னொன்றை எப்போதும் சொல்ல முடியாது, அத்தைக்கும் அது தெரியும். எது வேண்டாமோ அதை நீங்களே அடித்துவிடுங்கள். நான் இந்த வேலைக்குச் சரிப்படாதவன் என்பது ஏழு பகுதியில் தெரிந்திருக்கும்.

“ஒயர் கழண்டிருக்கு அத்தை, சொருகிடுங்க.”

“இங்கேருந்து ஒண்ணும் தெரியல அத்தை, நேர்ல வந்து பாக்கறேன்.”

பேனா இல்லையென்றால் நகம் போதும். சீக்கிரம். அவர் லைனில் இருக்கிறார்.